நான்கு விரல் உயர்ந்த வண்டி

கிருஷ்ணகிரிக்காரர்கள் பெங்களூருக்குப் போவதைப் பயணம் என்று சொல்ல மாட்டார்கள். காலையில் போய் வேலை பார்த்துவிட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு திரும்புகிறவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். எனக்கு மட்டும் அது வெளிநாடு. என் வண்டி பக்கத்தில் இல்லாமல் நான் இருக்க நேர்கிற எந்த ஊரும் எனக்கு வெளிநாடுதான்.

சின்ன வயதிலேயே போலியோ வந்து இரண்டு காலும் போய்விட்டது. சக்கர நாற்காலியில் இருக்கிறேன். ஊருக்கு வெளியே ஒரு மாங்கூழ்த் தொழிற்சாலையில் கணக்குப் பார்க்கிறேன். அங்கே தினமும் நானே ஓட்டிக்கொண்டு போகிற வண்டி, ஒரு பழைய டீசல் ஸ்டேஷன் வேகன். பின்பக்கம் நீண்டிருக்கும். பின்கதவு முழுசாக மேலே திறக்கும். நாற்காலியை மடக்காமல் அப்படியே உள்ளே தள்ளிவிடலாம். எங்கள் ஊர் லேத் பட்டறையில் கம்பிகளை வளைத்து, பிரேக், கிளட்ச், ஆக்சிலேட்டர் மூன்றையும் கைக்குக் கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். தெருப் பிள்ளைகள் அதைச் சவ வண்டி என்பார்கள். எனக்குக் கோபம் வந்ததில்லை. அதற்குள் நான் உயிரோடுதானே உட்கார்ந்திருக்கிறேன்.

கொஞ்ச காலமாக வலது தோள் வலித்தது. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "உங்களுக்குத் தோள்தாம்மா கால். அதையும் தேய்ச்சுடாதீங்க. ஒண்ணு ஸ்டீயரிங்கை லேசாக்குங்க, இல்லேன்னா ஓட்டுறதை விட்டுடுங்க" என்றார். ஓட்டுவதை விட்டால் வேலையை விட வேண்டும். அந்தப் பக்கம் போகும் பஸ்ஸில் நான் ஏற முடியாது. பவர் ஸ்டீயரிங் வைத்து, கைக் கம்பிகளையும் ஒழுங்காக மாற்றித்தர ஒருவர் பெங்களூரில் இருக்கிறார் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். மாம்பழ சீசன் தொடங்குவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று ஒரு புதன்கிழமை காலையில் நானும் என் கணவர் ஆரோக்கியமும் கிளம்பினோம். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளவும் மாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்வார், அதுவும் திருப்பம் தாண்டிய பிறகு.

அத்திபெலே வரைக்கும் வண்டி நன்றாகவே போனது. அங்கே டீ குடித்தோம். கடைக்காரர் எங்களிடம் தமிழிலும் அடுத்தவரிடம் கன்னடத்திலும் பேசிக்கொண்டு, இரண்டு பேருக்கும் ஒரே அளவு சர்க்கரையை அள்ளிப் போட்டார். எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் ஏறி இறங்கியதும் நெரிசல் தொடங்கியது. ஊர்ந்துகொண்டிருக்கும்போதுதான் பவர் இல்லாத ஸ்டீயரிங் தன் குணத்தைக் காட்டும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் தோளுக்குள் யாரோ ஆணி அடித்தார்கள். ஓரிடத்தில் முன்னால் நின்ற இரண்டு கார்கள் திடீரென்று ஒதுங்கி வழி விட்டன. வெள்ளையாக நீளமாக வருவதைப் பார்த்து ஆம்புலன்ஸ் என்று நினைத்திருக்கிறார்கள். ஆரோக்கியம் தலையை வெளியே நீட்டி அவர்களுக்கு வணக்கம் வேறு வைத்தார்.

வேகத்தடைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வண்டியின் ஸ்பிரிங்குகள் எப்போதோ தளர்ந்துவிட்டன. ஒவ்வொரு தடையிலும் அடியில் டொம்மென்று இடிக்கும், அது நேராக என் முதுகெலும்புக்கு வரும். நான் பல்லைக் கடித்துக்கொள்வேன். பழகிவிட்டது. பக்கத்தில் இருப்பவருக்குப் பழகவில்லை என்பது எனக்குத் தெரியாது.

பட்டறை நீலசந்திராவில் ஒரு சந்தின் கோடியில் இருந்தது. இம்தியாஸ் பாய் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். நாற்பது வயதுக்காரர், பேச்சில் அவசரம். நான் கதவைத் திறந்தேன். ஆரோக்கியம் பின்னாலிருந்து நாற்காலியை எடுத்து ஒட்டி நிறுத்தினார். நாற்காலியில் ஒரு கை, சீட்டில் ஒரு கை, ஒரு தள்ளு. இறங்கிவிட்டேன். பாய் இதைப் பார்த்துவிட்டுத் தன் வேலையாளிடம் உருதுவில் ஏதோ கத்தினார். இளம் வயதில் இந்த ஊரில் வேலை பார்த்த ஆரோக்கியம் எனக்கு மொழிபெயர்த்தார். "இந்த அம்மா கையாலேயே எல்லை தாண்டி ஓட்டிட்டு வந்திருக்காங்க. நீ ரெண்டு காலையும் வெச்சுக்கிட்டு நேத்து சுவத்துல மோதுனே."

எனக்கு அப்போதே பாயைப் பிடித்துவிட்டது.

"ரெண்டு நாள்கா. வெள்ளிக்கெழமை சாயங்காலம் பக்கா" என்றார்.

"ஏன் பாய், புது வண்டி வாங்கச் சொல்ல மாட்டீங்களா? எல்லாரும் சொல்றாங்களே."

"புது வண்டில உங்க சேர் எங்கக்கா போவும்? டிக்கியா அது, டிபன் பாக்ஸு."

தங்கியது என் கணவரின் அக்கா லூர்து அண்ணி வீட்டில். பட்டறையிலிருந்து நாலு சந்து தள்ளி. அண்ணிக்கு மனசு பெரிசு. வீடுதான் சின்னது, அதற்கு மூன்று படி. நாங்கள் போய் நின்றதும் அண்ணி எதிர்வீட்டுக்காரரையும் அவர் மச்சானையும் கூப்பிட்டார். "தூக்குங்கப்பா, எங்க தம்பி பொண்டாட்டி." ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து நாற்காலியோடு தூக்கினார்கள். வாசலில் சாய்ந்தபோது எல்லாரும் ஒரே குரலில் என்னைப் பயப்பட வேண்டாம் என்றார்கள்.

அன்று மதியம் களியும் கருவாட்டுக் குழம்பும். இங்கே களியை முத்தே என்கிறார்கள், கொஞ்சம் உருட்டி மரியாதை செய்கிறார்கள், மற்றபடி எங்கள் ஊர்க் களிதான். நன்றாகச் சாப்பிட்டேன். ஆனால் தண்ணீர் மட்டும் குடிக்கவில்லை. அந்த வீட்டுக் கழிப்பறைக்கும் ஒரு படி. ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பதற்கு முன் யார் யார் வீட்டில் இருக்கிறார்கள் என்று யோசிக்க வேண்டியிருந்தது. ஊரில் நான் இப்படி யோசிப்பதில்லை.

வியாழக்கிழமை அண்ணி என்னைச் சிவாஜிநகர் மாதா கோயிலுக்குக் கூட்டிப் போயே தீருவேன் என்றார். முதல் ஆட்டோக்காரர் நாற்காலியைப் பார்த்ததும் கேஸ் தீர்ந்துவிட்டது என்றார். இரண்டாவது ஆட்டோவுக்குப் பார்க்கும்போதே அவசரம். மூன்றாவது வந்தவர் கன்னடக்காரர், தங்கமான மனிதர். இறங்கினார், நாற்காலியை மடக்கிப் பின்னால் கயிறு போட்டுக் கட்டினார், திரும்பி வந்து ஒரு வார்த்தை கேட்காமல் என்னை இரண்டு கையிலும் அள்ளி உள்ளே வைத்தார். வைத்துவிட்டு அண்ணியிடம் ஏதோ சொன்னார். என்ன சொல்கிறார் என்று கேட்டேன்.

"அவரு அம்மாவும் இப்பிடித்தானாம். கனமே இல்லையாம் நீ" என்றார் அண்ணி பெருமையாக.

கோயிலில் மறுபடி தூக்கினார்கள். திரும்பும்போது மறுபடி. என்னைத் தூக்கியவர்களில் கெட்டவர்கள் ஒருவர்கூட இல்லை. எல்லாரும் நல்லவர்கள், சிரித்த முகத்தோடு செய்தார்கள். அதனால் ஒருவரிடமும் கோபப்பட முடியவில்லை, அதுவே பெரிய அலுப்பாக இருந்தது. நன்றி சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது.

இதற்கு நடுவில், நின்றுகொண்டே சாப்பிடும் ஓட்டல் ஒன்றுக்குப் போனோம். பெங்களூரில் இந்த மாதிரி ஓட்டல்கள்தான் அதிகம். வட்ட மேசைகள், நாற்காலி கிடையாது. என்னிடம் நாற்காலி இருந்தது, மேசைதான் என் தலைக்கு மேலே இருந்தது. தட்டை மடியில் வைத்துக்கொண்டு காராபாத் என்கிற கார உப்புமாவைச் சாப்பிட்டேன். மேலே யாரோ தமிழிலேயே எங்கள் ஊர்ப் பக்கத்துச் சாம்பார் காரம் என்று குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். இங்கே சாம்பாரில் வெல்லம் போடுகிறார்கள், அதைப் பற்றி நான் அவர்களிடம் பேசியிருக்கலாம். என் தலை அவர்கள் இடுப்புக்குக் கீழே இருந்ததால் சண்டை போட வசதிப்படவில்லை. காபி மட்டும் முதல் தரம்.

வெள்ளிக்கிழமை மெட்ரோவில் போனோம். ஒரு குறையும் சொல்ல மாட்டேன். லிப்ட் வேலை செய்தது, நானே உருட்டிக்கொண்டு ரயிலுக்குள் போனேன், யாரும் தொடவில்லை. இருபது நிமிடம் ராணி மாதிரி இருந்தேன். வெளியே வந்தால் அழகான நடைபாதை. அதிலும் நானே உருட்டிக்கொண்டு போனேன். கொஞ்ச தூரத்தில் அதன் நடுவே ஒரு டிரான்ஸ்பார்மர் பெட்டி. இறங்குவதற்கு முழங்கால் உயரம். கிருஷ்ணகிரியில் நடைபாதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, அதனால் இந்த ஏமாற்றமும் கிடையாது. அங்கேயும் இரண்டு நல்லவர்கள் ஓடி வந்தார்கள்.

சாயங்காலம் பாய்க்குப் போன் செய்தேன். "நாளைக்குக் காலைல பக்காக்கா. இன்னும் ஒரு சின்ன வேலை இருக்கு" என்றார். என்ன வேலை என்று சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு ஆரோக்கியத்தைப் பார்த்தேன். அவர் தினசரியில் கன்னட எழுத்துகளை மிகவும் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கன்னடம் படிக்கத் தெரியாது. எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு அலுப்பாக இருந்தது. நாளைக்கு என் வண்டி வந்துவிடும், நானே ஏறி உட்காருவேன், கதவைச் சாத்திக்கொள்வேன் என்று அதையே நினைத்துக்கொண்டு படுத்தேன்.

சனிக்கிழமை காலையில் பட்டறை வாசலில் வண்டி கழுவித் துடைத்து நின்றது. சக்கரங்களுக்கு அடியில் வைக்க அண்ணி எலுமிச்சம்பழம் கொண்டுவந்திருந்தார். மாதா கோயில் தீர்த்தமும் கொண்டுவந்திருந்தார், இரண்டில் ஒன்று வேலை செய்யும் என்று. பாய் தன்னுடைய முறைக்கு பிஸ்மில்லா சொல்லிக் கதவைத் திறந்து இன்ஜினை ஓட விட்டார். வெளியிலிருந்தபடியே கையை விட்டு ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு விரலுக்குத் திரும்பியது. கைக் கம்பிகள் வழவழவென்று இருந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை நான் மறைக்கவில்லை.

நாற்காலியை ஒட்டி நிறுத்தினேன். சீட்டில் கையை வைத்தேன். கை வழக்கமான இடத்தில் போய் இறங்கவில்லை. மேலே இருந்தது. ஒரு தள்ளு தள்ளினேன். பாதி ஏறி, சீட்டின் ஓரத்தில் இடித்து, வழுக்கி நாற்காலிக்கே வந்து விழுந்தேன். மறுபடி முயற்சி செய்தேன். தோளில் சுரீரென்றது.

"சீட்டு என்ன பாய் மேலே போயிருக்கு?"

பாயின் முகம் மலர்ந்தது. "கண்டுபுடிச்சிட்டீங்களா! ஃப்ரன்ட்டு ஸ்பிரிங் புதுசுக்கா. சீட்டுக்குப் புது ஃபோம். இனிமே ஹம்ப்ல ஏறி எறங்கினா தெரியவே தெரியாது. இது என் பக்கத்துலேர்ந்து. கணக்குல சேக்கக் கூடாது. அண்ணன்தான் கேட்டாரு."

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விரலை வைத்துப் பார்த்தேன். நான்கு விரல் உயர்ந்திருந்தது. அப்போதுதான் எனக்கே புரிந்தது. இத்தனை வருஷமாக அந்த ஸ்பிரிங்குகள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, சீட்டும் அமுங்கி, கடைசியில் என் நாற்காலி மட்டத்துக்கு வந்து நின்றிருக்கிறது. நானோ என் சாமர்த்தியத்தால் ஏறி இறங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சந்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரரின் மச்சான்கூட வந்திருந்தார். "தூக்கி வெச்சிடலாம்பா, இதுக்குப் போயி" என்று முன்னால் வந்தார். ஆரோக்கியமும் குனிந்தார்.

"யாரும் என்னைத் தொடாதீங்க" என்றேன். கத்திவிட்டேன் போலிருக்கிறது. அண்ணி எலுமிச்சம்பழத்தைக் கீழே போட்டார்.

பாய் உடனே வழி தேட ஆரம்பித்தார். ஃபோமைப் பிடுங்கிப் பழையதைப் போட்டார். ஒரு மூலையில் அதன்மேல் பூனை படுத்திருந்ததால் அது குப்பைக்குப் போகாமல் தப்பியிருந்தது. இரண்டு விரல் குறைந்தது, ஆனாலும் ஏற முடியவில்லை. சீட்டின் காலை வெட்டி இறக்கலாம் என்றார். இறக்கினால் எனக்கு ஸ்டீயரிங்குக்கு மேலே ரோடு தெரியாது, நான் குள்ளம். நாற்காலியை உயர்த்தலாம் என்றார் அண்ணி. உயர்த்தினால் ஆபீஸ் மேசைக்குள் முழங்கால் நுழையாது.

"பழைய ஸ்பிரிங்கையே போடுங்க பாய்" என்றேன்.

"அது செத்த ஸ்பிரிங்குக்கா. அதைப் போட்டா என் பட்டறை மானம் போயிரும்." அவர் குரலில் வருத்தம் இருந்தது. மனதோடு கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்தால் யாருக்குத்தான் வலிக்காது. "அதுவும் இப்பதான் குஜரிக்காரன் வந்து எல்லா இரும்பையும் எடுத்துட்டுப் போனான்." பழைய இரும்பு வாங்குகிறவரைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறார்கள்.

ஆரோக்கியம் என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவர் சாதாரணமாகக் குரலை உயர்த்துகிறவர் இல்லை.

"பிலோமி, ஒவ்வொரு ஹம்ப்புக்கும் நீ பல்லைக் கடிக்கிற. நான் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே வர்றேன். என்னால முடியல. வீட்ல ஏறும்போது நான் தூக்கி வெக்கிறேன். ஃபேக்டரில வாட்ச்மேன் இருக்கான். என்ன இப்போ?"

"எனக்குச் சாயங்காலம் தலை வலிச்சா, வாட்ச்மேன் டீ குடிச்சு முடிக்கிற வரைக்கும் காத்திருக்கணும். அதான் இப்போ."

"இப்பவும் சேரை அவன்தானே எடுத்து வெக்கிறான்?"

"சேரைத்தான் எடுத்து வெக்கிறான். என்னை இல்ல."

  அவர் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் சந்தில் நடந்து போய்விட்டார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். அண்ணியும் அப்படித்தான் நினைத்தார். "நீயும் கொஞ்சம் விட்டுக் குடுத்திருக்கலாம் பிலோமி. ஆசையா செஞ்சான் பாவம்" என்றார். எனக்கு அழுகை வந்தது. மூன்று நாளாக நான் விட்டுக்கொடுத்ததை அண்ணியிடம் எப்படிச் சொல்வது? தூக்கியவர்களில் அவரும் ஒருவர்.

பாய் டீ வரவழைத்தார். குடித்தோம். கூட்டம் கலைந்தது. பூனை தன் ஃபோம் போன துக்கத்தில் என் நாற்காலிக்கு அடியில் வந்து படுத்துக்கொண்டது.

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். சந்து முனையில் ஆரோக்கியம் தெரிந்தார். இரண்டு கையிலும் இரண்டு ஸ்பிரிங். சட்டையெல்லாம் துரு. குஜரிக்காரரின் வண்டியைத் தேடிக்கொண்டு தெருத் தெருவாக விசாரித்து, அது கடையில் போய் இறக்கிய பிறகு குவியலுக்குள் கையை விட்டு எடுத்து வந்திருக்கிறார். மூச்சு வாங்கியது. இரண்டையும் பாயின் காலடியில் வைத்தார்.

"இதுதானான்னு பாருங்க பாய். அங்க ஒரு அம்பது ஸ்பிரிங் கெடக்குது."

பாய் குனிந்து பார்த்தார். கழற்றும்போது தான் வைத்த பெயின்ட் அடையாளத்தைத் துடைத்துப் பார்த்தார். "இதேதான்" என்றார். பிறகு என் கணவரைப் பார்த்து, "நான்தானே அண்ணா கேட்டிருக்கணும், அக்காவ" என்றார்.

"நானும்தான்" என்றார் ஆரோக்கியம். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, டீ கிளாஸைப் பார்த்துச் சொன்னார். எனக்கு அது போதும்.

மறுபடி மாட்டி முடிக்க மூன்று மணிக்கு மேல் ஆகிவிட்டது. கதவைத் திறந்தேன். ஒரு கை நாற்காலியில், ஒரு கை சீட்டில். ஒரு தள்ளு. உட்கார்ந்துவிட்டேன். யாரும் கைதட்டவில்லை. அண்ணி மட்டும் மூக்கைச் சிந்தினார். புது ஸ்பிரிங்குகளைப் பாய் பின்பக்கம் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். கொடுத்தது கொடுத்ததுதானாம், திருப்பி வாங்குகிற பழக்கம் அவர் குடும்பத்தில் இல்லையாம். அண்ணி புது எலுமிச்சம்பழங்களை வைத்தார். நசுக்கிக்கொண்டு கிளம்பினேன்.

திரும்பும் வழியிலும் அதே நெரிசல்தான். ஆனால் தோளுக்குள் யாரும் ஆணி அடிக்கவில்லை. டாக்டர் கேட்டது இதைத்தான், நான் கேட்டதும் இதைத்தான். அத்திபெலேயில் டீ குடிக்க நிறுத்தினோம். நான் இறங்கினேன், ஏறினேன். தேவையே இல்லை, கடைக்காரர் டீயை வண்டிக்கே கொண்டுவந்திருப்பார். அன்றைக்கு இரண்டு டீ குடித்தேன், தண்ணீரும் நிறையக் குடித்தேன்.

ஓசூரைத் தாண்டியதும் ஒரு பெரிய வேகத்தடை. பார்க்காமல் ஏற்றிவிட்டேன். அடியில் டொம்மென்று இடித்தது. பின்னால் புது ஸ்பிரிங்குகள் இரண்டும் குதித்து நாற்காலியில் மோதின. முதுகில் வழக்கம்போல மின்னியது. வழக்கம்போலப் பல்லைக் கடிக்கப் போனவள், பக்கத்தில் இருப்பவர் பார்த்துக்கொண்டிருப்பது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டேன்.

"வலிக்குதா?" என்றார்.

எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து இந்தக் கேள்விக்கு இல்லை என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன்.

"வலிக்குதுங்க" என்றேன்.

அவர் கையை நீட்டி என் முதுகுக்கும் சீட்டுக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். அடுத்த வேகத்தடையில் இடித்தது அவர் கையில்தான்.